நேர்பாய்ச்சு எந்திரமும் மசகெண்ணெயும்

மாட்டு வண்டி ஓடிய நாளில் வண்டிக்காரர் அச்சுக்கு மசகிடாமல் நெடும்பயணம் புறப்பட மாட்டார். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார். வண்டி மை என்றும் மசகு என்றும் அதற்குப் பெயர். இரும்பு அச்சும் சக்கரக் குடமும் உராய்ந்து தேயாமலும் சூடேறாமலும் அது காத்தது. மோட்டார் எந்திரத்துக்குள் ஊற்றும் எண்ணெய்க்குத் தமிழில் மசகெண்ணெய் என்ற பெயர் அமைந்தது இவ்வழியேதான். விளக்கெண்ணெயின் தொடர்பும் வண்டியோடு அற்றுவிடவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவரின் நிறுவனம் 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த எந்திர எண்ணெய் ஒன்றை வெளியிட்டு, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது. மலேசியாவில் வழங்கும் மலாய்ப் பெயரோ வேறு வகை: 'மின்யாக் ஹித்தாம்', அதாவது கறுப்பெண்ணெய். புட்டியிலிருந்து ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கும் பொருளுக்கு, அது உழைத்துக் களைத்த பின் அடையும் நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

அந்தக் கறுப்பு இன்றைய புதுக் கார்களில் முன்னைவிட விரைவாக வந்துவிடுகிறது. எந்திரம் பெட்ரோலை உட்கொள்ளும் முறை மாறியதே காரணம். "நல்ல கம்பெனி எண்ணெய், கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும்" என்பது பட்டறைகளில் நெடுநாள் வழங்கிய விடை. பழைய எந்திரங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தியது. அதே விடையை நம்பிப் புதிய எந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பிஸ்டன் ஒரே நொடியில் உடைந்துபோகவும் இடமுண்டு. எந்திரத்தையே மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவு, பல ஆண்டுகளுக்கு எண்ணெய் மாற்றும் செலவையும் விழுங்கிவிடும். ஆதலின் இப்பொருள் மெக்கானிக் மட்டுமே அறிந்திருக்க வேண்டிய ஒன்றன்று.

நேர்பாய்ச்சு முறை

முன்னைய எந்திரங்களில் பெட்ரோல் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் குழாயிலேயே காற்றுடன் கலந்துவிடும். முதலில் அவ்வேலையைக் கார்புரேட்டர் செய்தது. பின்னர் குழாய்க்குள் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் செய்தது. பட்டறைகளில் 'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' என்று சொல்லப்படும் நேர்பாய்ச்சு முறையில், வால்வு வழியாகக் காற்று மட்டுமே உள்ளே போகும். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பாய்ச்சப்படும். குழாயில் தூவுவதற்கு 3 அல்லது 4 பார் அழுத்தம் போதும். அது கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே மிகுதி. நேர்பாய்ச்சுக்கோ 200 பார் வேண்டும். புதிய எந்திரங்களில் 350 பார் வரையும் செல்கிறது.

இவ்வளவு பாடு எதற்காக? சிலிண்டருக்குள் ஆவியாகும் பெட்ரோல் அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்றை இன்னும் இறுக்கி அழுத்தலாம். அதனால் சிறிய எந்திரமே பெரிய எந்திரத்தின் வேலையைச் செய்கிறது, பெட்ரோலும் மிச்சமாகிறது. காற்றைத் திணித்துத் தரும் டர்போவும் சேர்ந்துகொண்டால் ஒன்றரை லிட்டர் எந்திரம், முன்பு இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எந்திரம் இழுத்த வண்டியை இழுத்துவிடும். மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் 2018இல் எக்ஸ்70 வண்டியையும் 2020இல் எக்ஸ்50 வண்டியையும் வெளியிட்ட பின்னர், இவ்வகை எந்திரம் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது. (எக்ஸ்50இன் எல்லா வகைகளும் இம்முறையைச் சேர்ந்தவை அல்ல. வாங்கும்போதே கேட்டறிவது நன்று.)

பழைய எந்திரத்தில் எண்ணெய்க்கென ஓர் இடம், பெட்ரோலுக்கென ஓர் இடம் என்று ஏறக்குறைய வகுத்துச் சொல்லலாம். நேர்பாய்ச்சு எந்திரத்தில் அவ்வரம்பு தளர்ந்துவிடுகிறது. பெட்ரோல் எண்ணெயிடம் இறங்கி வருகிறது. எண்ணெய் தீயிடம் ஏறிப் போகிறது. எண்ணெய் பற்றிய புதிய தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டு போக்குவரத்துகளால் விளைபவை.

பெட்ரோல் எண்ணெயில் இறங்குதல்

இத்தொல்லை புதிதன்று. 1954இல் நியூயார்க் கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 300 எஸ்.எல். என்னும் பந்தய வகைக் காரை வெளியிட்டது. பறவை சிறகு விரிப்பதுபோல் கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் அந்த வண்டியைப் படத்திலாவது காணாதவர் குறைவு. நேர்பாய்ச்சு முறையில் அமைந்த எந்திரம் அதற்கு இருந்தது. பாஷ் நிறுவனத்தின் பம்பு பெட்ரோலைப் பாய்ச்சியது. அந்தப் பம்பு முற்றிலும் இயந்திர இணைப்பால் ஓடியது. சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்திய பின்னரும், எந்திரம் சுழன்று ஓயும் வரை அது பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்திருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெயுடன் கலந்தது.

அவ்வண்டியில் ஏறத்தாழ 10 லிட்டர் எண்ணெய் கொள்ளும். அதைக் குளிர்விக்கப் பெரிய குளிர்விப்பானும் இருந்தது. பந்தயத்தில் முழு வேகத்தில் ஓடுபவருக்கு அது வரம். ஊருக்குள் கடைத்தெரு வரை போய்த் திரும்புபவருக்கோ எண்ணெய் சூடேறவே நேரம் கிடைக்கவில்லை. கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போகவும் வழியில்லை. ஆகவே 1,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றும்படி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எந்திரத்தைக் கெடுத்தது வேகமன்று, மெதுவான சிறு பயணம் என்பது கருதத்தக்கது.

மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய நேர்பாய்ச்சு எந்திரத்தை 1996இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் காலாண்ட் என்னும் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவியைத் திருப்பியதும் பாய்ச்சல் நின்றுவிடும் ஏற்பாடு வந்த பிறகு பழைய குறை மறைந்தது. ஆயினும் குளிர்ந்த எந்திரத்தில் பாயும் பெட்ரோலின் ஒரு சிறு பகுதி சுவரில் பட்டு வழிவது முற்றிலும் நிற்கவில்லை. 2018இல் சீனாவின் குளிர் மிகுந்த வட பகுதிகளில், பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் டர்போ வண்டிகளில் எண்ணெயின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்தது. வீடு திரும்பி அளவுகோலை எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பெட்ரோல் வாடை வீசிற்று. வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பனி இல்லையே என்று எண்ணலாம். எந்திரத்துக்குக் குளிர் என்பது வானிலையை மட்டும் பொறுத்ததன்று. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு மைல், அங்கிருந்து சந்தைக்கு ஒரு மைல், பின் வீடு என்று ஓடும் வண்டியின் எண்ணெய் பெரும்பாலும் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மட்டம் மேல் குறியைத் தாண்டியிருந்தாலோ, பெட்ரோல் வாடை வன்மையாக வீசினாலோ எண்ணெயை உடனே மாற்றி, வண்டியையும் காட்டுவதே முறை. "எண்ணெய் குறையவே இல்லை, நல்ல எந்திரம்" என்று மகிழ்வதற்கும் ஓர் எல்லை உண்டு!

முந்தி மூளும் தீ

இனி, எண்ணெய் தீயிடம் போவதால் விளையும் கேட்டைக் காணலாம். இதுவே மிகக் கொடியது.

பிஸ்டனின் மேல் விளிம்புக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே மயிரிழை போன்ற சந்து உண்டு. சுவரில் வழியும் பெட்ரோலும் அங்குள்ள எண்ணெயும் கலந்து துளிகளாக அச்சந்தில் தங்கும். வண்டி குறைந்த சுழற்சியில், அதாவது நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுக்குள், பெரும் பாரத்தை இழுக்கும்போது டர்போ நிறையக் காற்றைத் திணிக்கும். கேமரன் மலைச் சாலையில் மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டே திடீரென்று மிதியை அழுத்துவது இத்தகைய நிலை. அப்போது அத்துளி தெறித்து, தீப்பொறி பிறக்கும் முன்னரே தானாகப் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து தீ அதனைக் கீழே அறைகிறது. சம்மட்டி அடித்தாற் போன்ற ஓசை கேட்கும். பிஸ்டனில் வளையம் அமரும் இடம் பிளப்பதும், இணைப்புத் தண்டு வளைவதும் இதனால் நேர்கின்றன. குறைவேக முன்னெரிவு என்று இதனைத் தமிழில் சொல்லலாம்.

ஆராய்ந்தவர்கள் கண்ட செய்தி வியப்பானது. எண்ணெயில் அழுக்கைக் கரைக்கவும் அமிலத்தை முறிக்கவும் கால்சியம் உப்புகளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அவை எந்திரத்துக்கு நன்மை செய்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் டர்போவுடன் கூடிய நேர்பாய்ச்சு எந்திரத்தில் அந்தக் கால்சியமே முன்னெரிவைத் தூண்டியது. அதன் ஒரு பகுதியைக் குறைத்து மக்னீசியம் உப்பைச் சேர்த்தால் தொல்லை பெரிதும் தணிந்தது. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகக் கூட்டுப்பொருளும் மாலிப்டினமும் அதனை அடக்க உதவின. நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று பொதுவாகப் பிரித்தது போய், எந்த எந்திரத்துக்கு நல்லது என்று கேட்கும் காலம் இவ்வாறு வந்தது.

எண்ணெய்த் தரங்களை வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது ஏ.பி.ஐ., இதற்கெனப் புதிய தரங்களை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் எஸ்.என். பிளஸ் வந்தது. முன்னெரிவைத் தடுக்கிறதா என்று எண்ணெயை எந்திரத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனை அதில்தான் முதன்முதல் இடம்பெற்றது. 2020 மே மாதத்தில் வந்த எஸ்.பி. தரத்தில், செயின் தேய்வதைப் பற்றிய சோதனையும் சேர்ந்தது. 2025 மார்ச் 31 முதல் எஸ்.க்யூ. நடப்புக்கு வந்தது. புதிய எண்ணெயில் மட்டுமன்றிச் சில காலம் ஓடிப் பழையதான எண்ணெயிலும் முன்னெரிவு அடங்கியிருக்க வேண்டும் என்பது இதில் உள்ள சிறப்பு. ஆகவே, எஸ்.என். என்று மட்டும் அச்சிட்ட பழைய இருப்பை மலிவு விலைக்கு வாங்கி டர்போ நேர்பாய்ச்சு எந்திரத்தில் ஊற்றுவது தகாது. டீசல் லாரிக்கென்றே செய்த எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று அதனைக் காரில் ஊற்றுவதும் இத்தகையதே. அவ்வகை எண்ணெயில் கால்சியம் மிகுந்திருப்பது வழக்கம்.

கெட்டியா, நீர்ப்பா?

புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் காணும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்னும் எண்கள் பாகுநிலையைக் குறிப்பவை. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 0டபிள்யூ எண்ணெயைச் சுழிக்குக் கீழ் 35 பாகை செண்டிகிரேடு குளிரில் வைத்து எந்திரம் சுழல்கிறதா என்று பார்க்கிறார்கள். 5டபிள்யூ எண்ணெயைச் சுழிக்குக் கீழ் 30 பாகையில் பார்க்கிறார்கள். கோலாலம்பூரில் விடியற்காலையில் 23 பாகை! ஆகவே முதல் எண்ணைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவது எண் 100 பாகைச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது அதுவே.

"சூட்டு நாடு, கெட்டி எண்ணெய் வேண்டும்" என்னும் பேச்சு பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை ஏறத்தாழ 90 முதல் 100 பாகைக்குள் வைத்திருக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. வெளியே 10 பாகையானாலும் 33 பாகையானாலும் சூடேறிய எந்திரத்தின் உள்நிலை பெரிதும் மாறாது. அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய் நுண்ணிய வழிகளில் மெதுவாக ஏறும்; எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் வால்வுக் கருவிகள் தடுமாறும். மறுபுறம், பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்துப்போவது இவ்வகை எந்திரத்தின் இயல்பு. 30 என்று ஊற்றிய எண்ணெய் சில மாதங்களில் 20க்கு இறங்கிவிடலாம். ஆதலின் வண்டிக் கையேடு இரண்டு நிலைகளை அனுமதித்திருந்தால், சிறு பயணம் மிகுந்தவரும் மலைப்பாதையில் பாரம் இழுப்பவரும் அவற்றுள் கெட்டியானதைத் தேர்வது அறிவுடைமை. கையேடு 0டபிள்யூ-20 ஒன்றையே சொல்லியிருந்தால் அதை மீறித் தாவுவது சரியன்று. அந்த எந்திரத்தின் பேரிங் இடைவெளியும் பம்பும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டவை.

வால்வுக் கரியும் சாம்பலும்

பழைய முறையில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுச் சென்றதால், அதில் கலந்துள்ள அழுக்கு நீக்கி வால்வை ஓயாமல் கழுவியது. நேர்பாய்ச்சில் அந்தக் குளியல் வால்வுக்குக் கிடைப்பதில்லை. எந்திரத்தின் வயிற்றிலிருந்து எழும் எண்ணெய் ஆவி காற்றுக் குழாய்க்குத் திருப்பிவிடப்படுகிறது. அது சூடான வால்வில் படிந்து கரியாய் இறுகுகிறது. கரி தடித்தால் எந்திரம் நடுங்கும், இழுப்புக் குறையும். அக்ரூட் கொட்டையின் ஓட்டைத் தூளாக்கிக் காற்றுடன் பீச்சி அக்கரியை உதிர்ப்பது பட்டறைகளில் கையாளப்படும் வழி. டொயோட்டா நிறுவனம் சில எந்திரங்களில் குழாயில் ஒன்றும் சிலிண்டரில் ஒன்றுமாக இருவகை இன்ஜெக்டர்களையும் வைத்து இதற்குத் தீர்வு கண்டது.

எளிதில் ஆவியாகாத எண்ணெயைத் தேர்ந்தால் படிவு குறைய வழியுண்டு. 250 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, எண்ணெய் எத்தனை விழுக்காடு ஆவியாயிற்று என்று அளக்கும் நோவாக் என்ற சோதனை இருக்கிறது. எஸ்.பி. தரத்துக்கு 15 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்வர். எண்ணெய் நிறுவனங்கள் வெளியிடும் விவரத் தாளில் 10க்கு அண்மையில் கண்டால் நல்லதென்று கொள்ளலாம். ஆயினும் எண்ணெய் ஒன்றாலேயே வால்வுக் கரியை ஒழித்துவிடலாம் என்று விளம்பரம் சொன்னால் அதனை நம்ப வேண்டியதில்லை.

நேர்பாய்ச்சு எந்திரம் நுண்ணிய புகைக்கரியையும் மிகுதியாக உண்டாக்குகிறது. எண்ணெயில் இறங்கும் கரி, டைமிங் செயினின் மூட்டுகளை அரத்தூள்போல் தேய்க்கும். வெளியே போகும் கரியைத் தடுக்க ஐரோப்பிய வண்டிகள் பலவற்றின் புகைபோக்கியில் வடிகட்டி உண்டு. எண்ணெயிலுள்ள உலோக உப்புகள் எரிந்தால் சாம்பலாகும். கரியை எரித்துப் போக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியை நிரந்தரமாக அடைக்கும். ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏ.சி.இ.ஏ. வகுத்த 'சி' வரிசை எண்ணெய்கள் சாம்பல் குறைந்தவை. சி3, சி5 ஆகியவற்றில் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்கு மிகாது. வடிகட்டி உள்ள வண்டிக்கு இவ்வரிசையே உரியது.

புட்டியின் பின்புறம்

முகப்பிலுள்ள பெரிய எழுத்துகளைவிடப் பின்புறத்துச் சிறு எழுத்துகளே பயன் மிகுந்தவை. 'முழுச் செயற்கை எண்ணெய்' என்ற தொடர் நல்ல குறிதான். ஆனால் அந்த எண்ணெய் எந்தத் தரத்தில் தேறியது என்பதை அது சொல்லாது. தமிழாசிரியர்கள் சொற்களின் நுண்ணிய வேறுபாட்டை அறிவார்கள். அத்திறம் இங்கே கைகொடுக்கும். 'இன்ன நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது' என்பது ஒன்று. 'இன்ன தரத்துக்குப் பொருத்தமானது' என்பது வேறொன்று. முன்னது கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்த சான்று. பின்னது எண்ணெய் விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. இரண்டாவது பொய்யென்று ஆகாது. ஆனால் பொறுப்பேற்பவர் யார் என்பது மாறிவிடுகிறது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கு முன்னதையே நாடுவது நல்லது. அமெரிக்கக் கழகத்தின் தரமானால் வட்ட முத்திரையைப் பார்க்கலாம்: வளையத்தின் மேற்பகுதியில் தரமும் நடுவில் பாகுநிலையும் இருக்கும்.

தனிப் புட்டியில் விற்கும் சேர்ப்பு மருந்துகளை எண்ணெயுடன் கலக்கும் வழக்கமும் சிலரிடம் காணப்படுகிறது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இவ்வளவு நுட்பமாக அளந்து செய்த எண்ணெயில், உள்ளடக்கம் தெரியாத ஒன்றைக் கலப்பது சமைத்து முடித்த குழம்பில் மீண்டும் உப்பிடுவது போன்றது.

எண்ணெய் மாற்றும் காலத்தைப் பற்றிக் கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருப்பதுண்டு. ஒன்று பொது நிலைக்கு; மற்றது கடுமையான நிலைக்கு. கடுமை என்றால் பாலைவனமும் பந்தயமும் என்று பலர் எண்ணிக்கொண்டு முதல் அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள். சிறு பயணம், நெரிசலில் நின்று நின்று ஓடுதல், மிகுந்த வெப்பம் ஆகியவையும் அங்கே கடுமை என்றே எழுதப்பட்டிருப்பதைப் படிப்பவர் சிலரே. சிங்கப்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஓடும் கார்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சிங்கப்பூரில் உரிமைச் சான்றிதழின் காலம் 10 ஆண்டு என்பதால், அதைப் புதுப்பிக்காதவர் அதற்குள் வண்டியைக் கைவிடுகிறார். மலேசியாவில் ஒரு கார் 20 ஆண்டும் ஓடும், கைமாறியும் ஓடும். அத்தகைய வண்டியின் கையேட்டில் எஸ்.எம். அல்லது எஸ்.என். என்று இருக்கும், கடையில் அவை கிடைப்பது அரிது. ஏ.பி.ஐ. வரிசையில் பின்னது முன்னதன் இடத்தை நிரப்பும்; எனவே எஸ்.பி. அல்லது எஸ்.க்யூ. எண்ணெயை, பாகுநிலை மாறாமல், அச்சமின்றி ஊற்றலாம். டர்போ உள்ள வண்டியானால் ஊற்றுவதே மேல். ஐரோப்பியத் தரங்களில் இவ்விதி செல்லாது. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் 508 00 என்னும் தரம் புதியதுதான். ஆனால் அது நீர்த்த 0டபிள்யூ-20 எண்ணெய். பழைய எந்திரத்தில் தவறி ஊற்றிவிடாதிருக்கவே அதற்குப் பச்சை நிறம் ஏற்றியிருக்கிறார்கள். கையேட்டில் அந்த எண் இல்லாத வண்டிக்குப் பச்சை எண்ணெய் ஆகாது.